வீரம்மாவுக்கு ஒரு நீச்சல் குளம்

தைப்பூசம் கழிந்து இருபத்தாறு நாளாகியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொட்டு மழை இல்லை. ரயில் பட்டறைப் பக்கமிருந்து வந்த காற்றில் கரித்தூளும் புழுதியும்தான் இருந்தன. ரெங்கசாமியின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த புல்வெளி மொறுமொறுவென்று காய்ந்து, செருப்பு பட்டால் நொறுங்கியது. அப்படியிருக்க, முந்தின நாள் மாலை அவரே நின்று நாலு முளை அடித்துக் கயிறு கட்டிவைத்த இடத்தில், கயிற்றுக்கு உள்ளே மட்டும், தரை ஈரமாக இருந்தது. வெளியே காய்ந்த புல், உள்ளே நனைந்த புல். யாரோ அளந்து தண்ணீர் தெளித்த மாதிரி ஓரம்கூடத் தப்பவில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. கையை முகர்ந்தால் பச்சைக் களிமண் வாசனை; அதற்கும் அடியில், இருபத்து மூன்று வருஷமாகத் தெரியாததுபோல் அவர் நடித்துவந்த இன்னொரு வாசனை. வேட்டியில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கொழா எங்கியாவது ஒடஞ்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் குழாயே கிடையாது. அது அவருக்கும் தெரியும், வீட்டைக் கட்டியவரே அவர்தான்.

ரெங்கசாமி லேசுப்பட்ட ஆளில்லை. பதினெட்டு வயதில் இதே பிரிக்பீல்ட்ஸுக்குச் செங்கல் சூளைக் கூலியாக வந்தவர். இருபத்திரண்டில் கூலிகளுக்கு மேல் மண்டோர். பிறகு தனியே கான்ட்ராக்ட் எடுத்து, ரவாங்கிலிருந்து காஜாங் வரை பாலமும் வாய்க்காலும் கட்டி, நாற்பத்தைந்து வயதில் ஆஸ்டின் காரில் போகிற அளவுக்கு வந்துவிட்டார். இது ஆகாது என்று யாராவது சொன்னால், அதைச் செய்து முடிக்காமல் மனிதருக்குச் சோறு இறங்காது. சூளை மூடிப்போனபின், குழி தோண்டித் தோண்டி மூடிய அந்த நிலத்தில் வீடு நிற்காது என்று ஊரே சொன்னது. அவர் அங்கேதான் கட்டினார். வீடு பன்னிரண்டு வருஷமாக நிற்கிறது.

இப்போது பிடித்திருந்த பிடிவாதம் நீச்சல் குளம். அது பெருமைக்கு வந்ததல்ல. ஒரே மகள் வீரம்மாவுக்கு ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் துவண்டுவிட்டன. இப்போது அவளுக்குப் பதினொன்று. சன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பாள், தூக்கினால் வருவாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரசர் வேலை பார்க்கும் கிரிகரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர், அவள் காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல அண்ணே. சதைதான் தூங்குது. இடுப்பளவு தண்ணியில நிறுத்துங்க, ஒடம்பு கனமே தெரியாது. தெனம் ரெண்டு வேள நடக்க விடுங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க. பன்னெண்டு தாண்டிட்டா கால் சுருங்கிப் போயிரும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாளே ரெங்கசாமி கோட்டு மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் கிளப்புக்குப் போனார். அங்கே ஒரு குளம் இருந்தது. அதன் அடியில் பதித்த ஓடு ஒவ்வொன்றையும் முட்டி போட்டுப் பதித்தது அவருடைய ஆட்கள். தண்ணீர் விடும்வரை அதில் அவர் கால் படாத இடம் கிடையாது. காலை ஆறு மணிக்கு, துரைமார் எழுந்திருக்கும் முன்னால், அரை மணி நேரம் என் மகளை இறக்கிக்கொள்கிறேன் என்றுதான் கேட்டார். செகரட்டரி துரை மரியாதையாகச் சிரித்தான். அப்புறம் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்குமே என்றான். ரெங்கசாமி வெளியே வந்து வேலியோரமாக அந்தக் குளத்தின் நீளத்தைக் காலடி போட்டு அளந்தார். அதைவிட இரண்டடி கூட என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில்தான் முடிவாகவில்லை. அவர் மனைவி சீதாலெட்சுமி அதிகம் பேசுகிறவள் இல்லை, ஆனால் பேசினால் ஆணி அடித்த மாதிரி இருக்கும். "மோரிப் கடலுக்குக் கூட்டிட்டுப் போலாங்க. ஊர்ல இல்லாத தண்ணியா? இந்த மண்ண மட்டும் நோண்டாதீங்க. மழைக் காலத்துல பின்கட்டுல உக்காந்தா கீழ ஏதோ கொளகொளன்னு நகர்ற மாதிரி இருக்கு. உங்களுக்கு அது கேக்காது, எனக்குக் கேக்கும்."

அவருக்கும் கேட்கும். அதை அவர் சொன்னதில்லை. கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்: மூன்று நாள் தோண்டிப் பார்ப்பது, மண் சரியில்லையென்றால் மூடிவிட்டு மோரிப்புக்குப் போவது.

அடுத்த நாள் விடியும் முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். ரெங்கசாமி எத்தனை பெரிய ஆளானாலும் பெரட்டை விட்டதில்லை. தோட்டத்திலும் சூளையிலும் நடக்கிற மாதிரியே, பொழுது விடிவதற்கு முன்னால் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேருக்கு மூன்று தரம். 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தவன் அன்றைக்குக் குழியில் இறங்கியாக வேண்டும், பின்வாங்க முடியாது. மூன்றாவது தரத்துக்கும் குரல் வராவிட்டால் பேருக்கு நேரே கோடு; அன்றைக்குக் கூலி கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கோடு விழாமல் காப்பாற்ற, வராதவனுக்காகக் கூட்டாளி குரல் கொடுப்பதும் காலங்காலமாக நடக்கிற கள்ளத்தனம்தான். இந்த வீட்டில் அந்தக் கள்ளத்தனத்தைச் செய்வது வீரம்மா. சன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, யாராவது பிந்திவிட்டால் மூன்றாவது கூப்பாட்டுக்கு அவளே, "இருக்காங்கப்பா, வந்துக்கிட்டே இருக்காங்க!" என்பாள். ரெங்கசாமி முறைப்பதுபோல் பாவனை செய்துவிட்டுக் கோடு போடாமல் விடுவார். பிந்தி வருகிறவர்கள் சன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு யாரும் பிந்தவில்லை. ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் முதல் கூப்பாட்டிலேயே குரல் வந்தது. கடைசிப் பேர் கன்னையா, சூளைக் காலத்திலிருந்து கூட இருக்கும் ஆள். அவர் "இருக்கேன்" என்றதும் ரெங்கசாமி தாளை மடித்தார். மடிக்கும்போதே கேட்டது.

"இருக்கேன்."

கயிறு கட்டிய பக்கமிருந்து. தாழ்வாக. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"எவன்டா அது வெளயாடறது?" என்றார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் கேட்ட மாதிரி தெரியவில்லை. கன்னையா மட்டும் தலையைத் தொங்கப்போட்டு, தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சன்னலிலிருந்து வீரம்மா கேட்டாள். "அப்பா, ஒம்பது பேரத்தானே கூப்பிட்டீங்க. பத்துக் கொரல் வந்துச்சே?"

மேல் மண் ஓரடிதான். அதற்குக் கீழே உடைசல் செங்கல், வேகாத கல், சாம்பல், பிறகு நீலம் பாய்ந்த களிமண். மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் ஈர மண் சப்புக் கொட்டியது. மத்தியானத்துக்குள் நாலடி போய்விட்டார்கள். சுற்றிலும் அவ்வளவு வெயில், மேலே நிற்பவர்களுக்கு முதுகு பொரிகிறது, குழிக்குள் இறங்கியவர்கள் மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு வேலை செய்தார்கள். மூன்று மணிவாக்கில் ஒரு மண்வெட்டி மரத்தில் பட்டது. செங்கல் அறுக்கும் அச்சு. கல் அறுப்பவர்கள் தங்கள் அச்சு மாறிவிடாமல் அடையாளம் வெட்டிவைத்திருப்பார்கள். இதன் பக்கப் பலகையில் ஒரு மீன் வெட்டியிருந்தது. நேற்று வெட்டினதுபோல் இருந்தது. ரெங்கசாமி அதை வாங்கிப் பார்த்தார். அந்த மீன் யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் வேலியைத் தாண்டி எறிந்தார். எறிந்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

பாலனுடைய மீன் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. இதே இடத்தில் இருந்த களிமண் குழி ஆழமாகி, ஓயாத மழையில் ஒரு பக்கத்துக் கரை மொத்தமாகச் சரிந்தது. ஆட்கள் அலறியடித்து மேலே ஏறினார்கள். அந்த மழைக்குள் நின்று இருபத்திரண்டு வயது மண்டோர் ரெங்கசாமி, எல்லோரும் ஏறியாகிவிட்டதா என்று பார்க்கப் பெரட்டு எடுத்தார். முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் குரல் வந்தது. கல் அறுக்கும் பாலனுக்கு மூன்றாவது தரம்தான் வந்தது, ஆனால் வந்தது. அடுத்த கரையும் போனால் சூளையே போய்விடும் என்று சூளை முதலாளி தவுக்கே கத்த, உடைசல் கல்லையும் மண்ணையும் தள்ளி இருட்டுவதற்குள் குழியை மூடினார்கள். ராத்திரி கூலிகள் படுக்கும் லயத்தில் பாலன் இல்லை. ஒப்பந்தக் கூலி, ஓடிவிட்டான் என்றார்கள். அப்போதெல்லாம் ஓடுவது சகஜம். ரெங்கசாமியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது: பாலன் கள்ளுக்கடைக்குப் போகும் நாளெல்லாம் அவனுக்குக் குரல் கொடுப்பது கன்னையா. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கன்னையாதான் கொடுத்திருக்க வேண்டும். கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் அவர் கேட்கவே இல்லை.

சாயங்காலம் ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு போனபின் கன்னையா மட்டும் நின்றார். குழிக்குள் அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது.

"மண்டோரே, மூடிருவோம்."

"மூணு நாள்னு பேச்சு. ஒரு நாள்தான் ஆயிருக்கு."

"அந்த மீனப் பாத்தீங்கல்ல."

"பாத்தேன். அதுக்கு நீ மொகத்த ஏன் இப்புடி வச்சிருக்க? அன்னிக்கு அவனுக்குக் கொரல் குடுத்தவன் நீ. நான் ஒருநாளும் ஒன்னக் கேட்டதில்ல."

கன்னையா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அப்படியா நெனச்சிக்கிட்டிருந்தீங்க, இத்தன வருசமா?"

"பின்ன?"

"நான் குடுக்கல. குடுக்கலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள கொரல் வந்திருச்சு. சரி, பய ஏறிட்டான்னு நெனச்சேன். மத்தவங்களோட சேந்து நானும்தான் கல்லத் தள்ளுனேன்." கன்னையாவின் குரல் இறங்கியது. "ராத்திரி அவனக் காணோம்னப்பதான் ஒறச்சுது. கொரல் பின்னாலேருந்து வரல, மண்டோரே. எங்க காலுக்குக் கீழேருந்து வந்துச்சு."

பட்டறையில் சங்கு ஊதியது. ரெங்கசாமி குழியை எட்டிப் பார்த்தார். பாலன் கீழே இருந்தான். உயிரோடு இருந்தான். பேரைக் கூப்பிட்டதும், மண்டோர் கூப்பிடுகிறார், தேடுகிறார்கள் என்று நம்பி, வாய் நிறைய மண்ணோடு மூன்றாவது தரம் பதில் சொன்னான். சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டுதான் அவர் தாளை மடித்தார். மூடுங்கடா என்றார்.

பிறகு அவருக்குள் அந்தப் பழைய பிடிவாதம் எழுந்தது, பயத்தைவிட உயரமாக.

"ஒருதரம் மூடினதுதான்டா தப்பு. நான் மூட மாட்டேன். தோண்டி அவன வெளிய எடுக்கறேன். கொள்ளி வச்சு, காரியம் பண்ணி, முறையா அனுப்பி வைக்கிறேன். அப்புறம் இதே எடத்துல என் மகளுக்குக் கொளத்தக் கட்டறேன். செத்தவன் கோவிச்சுக்கிட்டா என் மேல கோவிச்சுக்கட்டும், புள்ள கால் என்ன பண்ணுச்சு?"

உள்ளே போனபோது வீரம்மா நாற்காலியில் குழிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கன்னம் சிவந்து, சந்தோஷமாக இருந்தாள்.

"அப்பா, மறுபடியும் எதுக்குப் பெரட்டு எடுத்தீங்க? எல்லாரும் போன பொறவு?"

"யாரு எடுத்தா?"

"நீங்கதான். அங்க கீழேருந்து. உங்க கொரல் மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா சின்ன வயசுக் கொரல். யார் யாரோ பேரு. எல்லாருக்கும் ஒருத்தரே பதில் சொன்னாரு."

அவர் அவள் முன்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் கையில் எடுத்துக்கொண்டார். குச்சி குச்சியாக, சூடே இல்லாமல் இருந்தன. "ஒம் பேரக் கூப்பிட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

"கூப்பிட்டா பேசக் கூடாது. மூணு தரம் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. பேசாட்டி போயிரும். வெளங்குதா?"

அவள் தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கூப்பிட்டா நடக்கச் சொல்லித் தருவாங்களாப்பா?"

மறுநாள் நாலு பேர்தான் வந்தார்கள். குழியில் தண்ணீர் முழங்கால் அளவு. வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டுத் தோண்டினார்கள். பத்து மணிக்கு மூவர் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். கீழே மிதித்தால் மண் திருப்பி மிதிக்கிறது என்றார்கள். மிச்சம் கன்னையா. ரெங்கசாமி சட்டையைக் கழற்றி வேட்டியை மடித்துக் கட்டி அவரே இறங்கினார். இருபது வருஷமாக மண்வெட்டி பிடிக்காத கை, சாயங்காலத்துக்குள் பொத்துப்போனது. சீதாலெட்சுமி மேலே வந்து நின்று பார்த்தாள். நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

"எடுத்துருங்க" என்றாள் அவள். "தாய் பெத்த புள்ளதானே. எடுத்து அனுப்பிருங்க. ஆனா எலும்பு வந்த பொறவு இந்தக் குழிய மூடணும். எம் மகள இதுல எறக்க மாட்டேன்."

"வேற எங்க எறக்குவ? இங்க எவன் உடறான்? மோரிப்புக்குத் தெனம் ரெண்டு வேள ஓட முடியுமா?"

அன்று ராத்திரி சீதாலெட்சுமி மகளின் பக்கத்திலேயே படுத்து, தன் முந்தானையை அவள் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், எட்டடிக்குக் கீழே, கன்னையாவின் மண்வெட்டி வெறும் இடத்தில் போய் விழுந்தது. இருவரும் கையாலேயே மண்ணை விலக்கினார்கள். நல்ல இறுகிய களிமண்ணுக்குள் ஒரு பள்ளம். ஆள் உயரம். தோள், இடுப்பு, முட்டி, எல்லாம் அதனதன் இடத்தில். முகம் அண்ணாந்திருந்தது, மூக்கும் திறந்த வாயும் மண்ணில் அப்படியே பதிந்திருந்தன. ஒரு கை மேலே நீட்டியபடி. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு எலும்பு இல்லை, ஒரு பல் இல்லை, ஒரு நூல் துணி இல்லை. அச்சிலிருந்து கல்லைத் தட்டி எடுத்த மாதிரி, சுத்தமாக, வழவழவென்று.

ரெங்கசாமி அந்த நீட்டிய கையைப் பார்த்தார். அதற்கு மேலே குழிச் சுவரில் நாலு நாலு கோடாக விரல் தடம். அதற்கு மேலே இன்னொரு நாலு. மேலே. இன்னும் மேலே. ஈரம் காயாமல். கயிறு கட்டிய இடம்வரைக்கும்.

"ஏறி வந்துட்டான்" என்றார் கன்னையா. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏறியவர், திரும்பிப் பார்க்காமல் ரயில் பாதைப் பக்கம் நடந்து போனார்.

ரெங்கசாமி தனியாகக் குழிக்குள் நின்றார். சுற்றிலும் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது, அதை அவர் தனக்கே மறைக்கவில்லை. ஆனால் அந்த நீட்டிய கையைப் பார்த்துச் சத்தமாகவே பேசினார்.

"பாலா, நான் பண்ணினது பாவம். என்ன வேணும்னாலும் எங்கிட்ட கேளு. எம் புள்ளகிட்ட போனா, ஒன்ன மறுபடியும் மண்ணுல வச்சு சிமெண்டு ஊத்திருவேன். நாளைக்கு ஜல்லி வருது. கொளம் கட்டறேன். கட்டியே தீருவேன்."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார்.

விடியும் முன்பு அவரை எழுப்பியது அவருடைய குரல்தான். பெரட்டு எடுக்கிற குரல், இருபத்திரண்டு வயசுக் குரல், மழையில் கத்துகிற குரல். பின்பக்கமிருந்து ஒவ்வொரு பேராக வந்தது. அவர் மறந்துபோன பேர்கள். செத்துப்போனவர்கள், ஊருக்குத் திரும்பியவர்கள். ஒவ்வொன்றுக்கும் அதே மண் வாய் பதில் சொன்னது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

பிறகு, "வீரம்மா."

அவர் பாயிலிருந்து எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. தெளிவாக. குஷியாக.

"இருக்கேன்!"

அடுத்த அறைக்கு ஓடினார். சீதாலெட்சுமி தூங்குகிறாள். முந்தானை நீட்டிக் கிடக்கிறது, நுனியில் இரண்டு முடிச்சும் அவிழாமல், வளையம் அப்படியே. வளையத்துக்குள் கை இல்லை. ஈரம். தரையில் சின்னச் சின்னக் காலடிகள். நடந்து போன காலடிகள். வலது, இடது, வலது. கோணல் இல்லாமல்.

அவற்றைப் பார்த்ததும் அந்தப் பயத்திலும் அவர் நெஞ்சு ஒரு கணம் பொங்கியது. அதற்காக அவர் தன்னைச் சாவு வரைக்கும் மன்னிக்கப் போவதில்லை.

வெளியே பனி மூட்டம். குழி இல்லை. குளம் இருந்தது. விளிம்புக்கு விளிம்பு தண்ணீர், அவர் அளந்த அளவு, அந்தக் கிளப்பைவிட இரண்டடி நீளம். நடுவில் வீரம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில், யார் பிடியும் இல்லாமல், முதுகு நிமிர்ந்து. எட்டடி ஆழம் அது. அவள் எதன்மேல் நிற்கிறாள்?

"அப்பா, பாருங்களேன்" என்றாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்தது.

அவர் குதித்தார். நீந்தத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன. கையால் அடித்து, காலால் உதைத்து, மண் கலந்த தண்ணீரை விழுங்கி, அவளை எட்டிப் பிடித்தார். இடது கையில் மகள். சில்லென்று, கனமே இல்லாமல், ஆனால் மகள்தான், அவள் தலைமுடி வாசனை. கீழே ஏதோ அவர் காலைத் தாங்கிக்கொண்டது. தண்ணீர் அவர் தாடையோடு நின்றது. வலது கையைக் கரைக்கு நீட்டினார். அதையும் ஒரு கை பிடித்துக்கொண்டது. பெரிய கை. கட்டைவிரலில் அச்சுப் பிடித்துக் காய்த்த தழும்பு. தண்ணீருக்குள்ளிருந்து.

"விடமாட்டேன்டா" என்றார். "எம் மகள விடமாட்டேன்."

கரையில், பனிக்குள், ஒரு அரிக்கன் விளக்கு ஆடாமல் நின்றது. தாள் சரசரத்தது.

"ரெங்கசாமி."

அவருடைய சொந்தக் குரல். அவருக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்தார். மூன்று தரம். மூன்று தரம் பேசாமல் இருந்தால் கோடு. கோடு விழுந்தால் வீடு. கோடு விழுந்தால், கையில் பிடித்த மகளோடு இருவரும் வீடு.

"ரெங்கசாமி."

மூச்சையும் அடக்கிக்கொண்டார். பிடித்த கை இறுகியது. அவர் வாயைத் திறக்கவில்லை. மேலே பார்த்தார், அந்த விளக்கை நேராகப் பார்த்தார், கூப்பிடு, கூப்பிட்டுப் பார்.

"ரெங்கசாமி."

அவர் பேசவில்லை. பேசவே இல்லை. கரையில் பென்சில் தாளைத் தொடும் சத்தம் கேட்டது. கோடு விழப்போகிற சத்தம்.

அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த வீரம்மா, வழக்கம்போல அப்பாவுக்குக் கோடு விழாமல் காப்பாற்ற, விளக்கைப் பார்த்துச் சிரித்தபடி குரல் கொடுத்தாள்.

"எங்கப்பா இருக்காங்க."